சிறைக் காவலருக்கு எழுதிய விலக்குத் துண்டுகள்

பெருந்தொற்றுக் காலத்தில் சிறைக் காவலர்களுக்கு மூன்றாவது ஊசியிலிருந்து விலக்கு எழுதிக் கொடுத்தேன். அவர்களில் ஒருவனைத் தவிர வேறு எவருக்கும் எந்தக் குறையும் இருக்கவில்லை. இருப்பதாக எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுத்தேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. கைநீட்டி எதையும் வாங்கவும் இல்லை. வாங்கியிருந்தால் என் குற்றம் எனக்கே முன்னதாகத் தெரிந்திருக்கும். வாங்காததால் அதை ஒரு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அரசாங்க வைத்தியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சுன்னாகத்துக்குக் கிட்ட வீடு. முன் விறாந்தையில் ஒரு பகுதியை அடைத்து அறையாக்கி, பின்னேரங்களில் நோயாளரைப் பார்த்து வந்தேன். எங்களுடையது வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். பாட்டன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். நான் வட்டுக்கோட்டையில் படித்தவன், சபையில் மூப்பனாகவும் இருந்தவன். ஆனால் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், எங்களைத் தவிர எல்லாரும் சைவர்கள். அவர்களுடைய மனம் நோகாமல் நடப்பது எங்கள் வீட்டில் வேதபாடத்துக்கு அடுத்த பாடம். நத்தார்ப் பலகாரம் அயலுக்குப் போகும்போது முட்டை சேராதவை தனித் தட்டத்தில் போகும். வெள்ளிக்கிழமையில் மீனோ இறைச்சியோ, மச்சம் சமைக்க நேர்ந்தால் அம்மா யன்னல்களைச் சாத்திவிட்டு, உள்ளே வேர்த்து வழிய நின்று சமைப்பார். நான் வைத்தியனான பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. கோயில் கொடியேறியிருக்கும் நாள்களில் சைவ நோயாளர் ஒருவருக்கும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கமாட்டேன். அவர்கள் கேட்க முன்னமே தள்ளி வைத்துவிடுவேன். "எங்கடை டொக்டர் வேதக்காரர்தான், ஆனால் எங்கடை ஆக்களைவிட எங்கடை சமயம் தெரிஞ்சவர்" என்று ஒருமுறை ஒருவர் சொன்னதை நான் வெகுகாலம் மனதுக்குள் வைத்து மகிழ்ந்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சியில் இருந்துதான் பிழை தொடங்கியது.

அது ஐப்பசி மாதம். முதல் இரண்டு ஊசியும் எல்லாருக்கும் போட்டு முடிந்து, மூன்றாவது வந்திருந்தது. வயதானவர்களையும் சிறையில் வேலை செய்பவர்களையும் முதலில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒரு பின்னேரம், நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு காவலன் என் அறைக்கு வந்தான். நாற்பது வயதிருக்கும். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"டொக்டர், நாளையிண்டைக்குக் கந்தசட்டி தொடங்குது. நான் ஆறு நாளும் தண்ணியோடை பிடிக்கிறனான். அதுக்குள்ளை ஊசிக்கு வரச் சொல்லுகினம். போனமுறை போட்டு ரண்டு நாள் காய்ச்சல். காய்ச்சலுக்குக் குளிசை போடுறதெண்டால் ஏதும் சாப்பிடோணும். ஒரு கிழமை பிந்திப் போடலாமெண்டு ஒரு துண்டு தருவியளோ?"

அவன் கேட்டது அவ்வளவுதான். ஒரு கிழமை. சுகாதாரப் பகுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் அவர்களே வேறு நாள் கொடுத்திருப்பார்கள். நான் அதைச் செய்யவில்லை. விரதத்துக்காக ஊசி பிந்தலாம் என்று எழுதினால் யாராவது அவனைப் பகிடி பண்ணுவார்கள் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அதனால் ஒவ்வாமை என்று எழுதினேன். ஒரு கிழமை என்று எழுதவில்லை, மறு அறிவித்தல் வரை என்று எழுதினேன்.

அவன் வாசித்துப் பார்த்து, "ஒரு கிழமை காணும் டொக்டர்" என்றான்.

"இருக்கட்டும் தம்பி. ஆறுதலாப் பிறகு போடலாம். உங்கடை விரதத்திலை நாங்கள் கை வைக்கப்படாது."

அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றிரவு நான் நல்லாய்த் தூங்கினேன்.

அடுத்த நாள் இரண்டு பேர் வந்தார்கள். அதற்கு அடுத்த நாள் இன்னும் சிலர். எல்லாரும் சட்டி பிடிக்கிறவர்கள். எல்லாருக்கும் எழுதினேன். சூரன்போர் முடிந்து, அடுத்த நாள் காலை விரதம் முடிக்கும் பாறணையும் முடிந்த பிறகும் வந்தார்கள். பருத்த உடம்புள்ள ஒரு காவலன் வந்து இருந்தபோது அறை முழுக்க ஆட்டிறைச்சிக் கறி மணத்தது.

"நானும் சட்டி பிடிக்கிறனான், டொக்டர்."

"சூரனை வெட்டிப் பாறணையும் முடிஞ்சுதே தம்பி?"

"வாற வருசச் சட்டிக்கு இப்பவே உடம்பைத் தயார் பண்ணுறன்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுதினேன். அவனுக்கு ஒவ்வாமை என்று எழுதும்போது அவன் பல்லிடுக்கில் இறைச்சித் துண்டை நாவால் தேடிக்கொண்டிருந்தது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

என் மனைவி கணிதம் படிப்பித்தவள். உள்ளே இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்று அவன் போன பிறகு வாசலில் வந்து நின்று சொன்னாள்: "இஞ்சருங்கோ, நாற்பது வருசமா மூப்பனா இருந்து சபைக்கு ஒருத்தரையும் சேர்க்கேல்லை. இப்ப முருகனுக்கு ஆள் சேர்க்கிறியளோ?"

"உமக்கு உது விளங்காது. அயலுக்குள்ளை இருக்கிறம். மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

"மரியாதையோ? நீங்கள் நல்ல பேர் எடுக்கிறியள்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம்.

அந்த நாள்களில்தான் உண்மையான ஒருவனும் வந்தான். மெலிந்த, இளவயதுக் காவலன். சட்டி பிடிக்கிறேன் என்று சொல்லவில்லை. இரண்டாவது ஊசி போட்ட சிறிது நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சு எடுக்க முடியாமல் போய், ஆஸ்பத்திரியில் அவசரமாக மருந்து ஏற்றிப் பிழைத்தவன். அந்த ஊசியை அவனுக்குத் திரும்பப் போட்டால் உயிருக்கு ஆபத்து. அவனுக்கும் ஒவ்வாமை, மறு அறிவித்தல் வரை என்று எழுதினேன். மற்றவர்களுக்கு எழுதிய அதே வசனம். அவனுடைய உண்மையை எடுத்து எல்லாருக்கும் பொய்யாகப் பங்கிட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மார்கழி பிறந்தது. ஒரு காலை, மழை விட்ட நேரம், சுன்னாகம் சந்தைக்குப் போனேன். வெங்காயப் பக்கத்தில் ஒரு பெண் வியாபாரியிடம் நான் பல வருடங்களாக வாங்கி வருகிறேன். ஐம்பது வயதளவில், கணவனை இழந்தவள், சந்தை முழுக்கக் கேட்கும் குரல். எனக்கு முன்னால் நின்றவருக்கு நிறுத்துக் கொடுத்தாள். எனக்குப் பின்னால் வந்தவருக்கும் நிறுத்துக் கொடுத்தாள்.

"எனக்கு ஒரு கிலோ தா பிள்ளை" என்றேன்.

"உங்களுக்கு இல்லை."

"உதிலை குவிஞ்சு கிடக்குதே?"

"கிடக்கு. ஆனால் உங்களுக்கு வெங்காயம் ஒவ்வாமை, டொக்டர். வேணுமெண்டால் நான் ஒரு துண்டு எழுதித் தாறன்."

பக்கத்துக் கடைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். என்ன கதை இது என்று கேட்டேன். அவள் தராசை ஒருபக்கம் வைத்துவிட்டு எழும்பி நின்றாள்.

"என்ரை மோன் உள்ளுக்கை இருக்கிறது உங்களுக்குத் தெரியுமோ? அடிதடி வழக்கு. பிழை செய்தவன், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. தீர்ப்பும் வந்திட்டுது. பொங்கல் கழியத் தெற்குப் பக்கச் சிறைக்கு ஏத்தப் போறாங்களாம். அதுக்கு முதல் ஒருக்கால் அவனைக் கண்ணாலை பாக்கோணும். இந்தத் தொற்று வருத்தம் வந்த நாளிலையிருந்து பாக்க விடுறேல்லை. போனிலை குரல் கேக்குது. குரல் என்ரை பிள்ளையோ டொக்டர்?"

"அதுக்கு நான்..."

"பொறுங்கோ, நான் இன்னும் முடிக்கேல்லை. சிறைப் பெரியவர் சொல்லிப்போட்டார், வாசலிலையும் பார்வைக் கூடத்திலையும் நிக்கிற எல்லாரும் மூண்டாவது ஊசி போட்டாப் பிறகுதான் சனத்தை உள்ளை விடுவினமெண்டு. நியாயம்தானே? உள்ளை பாய் விரிக்க இடமில்லாமல் கிடக்கிறாங்கள், ஒருத்தனுக்கு வந்தால் எல்லாருக்கும் வரும். ஆனால் காவல்காரர் போடமாட்டினமாம். ஏனெண்டு கேட்டால் டொக்டர் துண்டாம். எந்த டொக்டரெண்டு கேட்டால் எங்கடை டொக்டராம்."

நான் வெறும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்தேன்.

"நான் மூண்டும் போட்டிட்டன். சந்தைக்குள்ளை முதல் ஆள் நான்தான். தெற்குக்கு அவனைக் கொண்டுபோனால் பேந்து நான் எந்தப் பஸ் ஏறி, எந்தப் பாஷையிலை வழி கேட்டுப் போறது? எனக்குப் பஸ்ஸிலை கொடிகாமம் தாண்டினாலே தலை சுத்திச் சத்தி வரும்" என்றாள். கடைசி வசனத்தில் குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்கப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன அண்ணை, அரைக் கிலோவோ?" என்று கத்தினாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. "என்ன செய்யப் போறியள்?" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் நான் செய்தது கோழைத்தனமான வேலை. சத்தமில்லாமல் சரிக்கட்டலாம் என்று காவலர்களை ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போது ஊசி போடலாம், பயமில்லை என்றேன். சிலர் ஓம் ஓம் என்றுவிட்டு வைத்தார்கள். இறைச்சி மணத்த அந்தக் காவலன் மட்டும் விபரமாகக் கதைத்தான்.

"சமயத்திலை கை வைக்கப்படாதெண்டு நீங்கள்தானே எல்லாருக்கும் சொன்னனீங்கள்?"

"சட்டி முடிஞ்சு எவ்வளவு நாள் தம்பி."

"இப்ப திருவெம்பாவை வருது. பேந்து தைப்பூசம். மாசியிலை சிவராத்திரி. எங்கடை சமயம் பெரிய சமயம், டொக்டர்."

தொலைபேசியை வைத்துவிட்டு நான் யோசித்தேன். விரதகாலத்தில் ஊசி போடலாமா கூடாதா என்பது எனக்குத் தெரியாது. கூடாது என்று யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான். அந்த நினைப்பு வந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு முருகன் கோயிலுக்கு நடந்தேன்.

எங்கள் ஊர் முருகன் கோயில் வீதியால் நான் ஆயிரம் தடவை போயிருப்பேன். மதிலுக்கு உள்ளே போனதில்லை. அன்று கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஐயர் பூசை முடித்து வெளியே வந்தார். என் வயதுக்காரர். பிரஷருக்கு என்னிடம்தான் மருந்து எடுக்கிறவர்.

"என்ன டொக்டர், வழி தவறிப் போட்டியளோ?"

"ஒரு சந்தேகம் ஐயா. சட்டி பிடிக்கிற நேரத்திலை ஊசி போடக்கூடாதெண்டு ஏதும் இருக்கோ?"

அவர் சால்வையை விலக்கி இடது தோளைக் காட்டினார். "இதிலைதான் குத்தினவை. இந்த வருசச் சட்டி மூண்டாம் நாள். காலமைப் பூசையை முடிச்சுக்கொண்டு சைக்கிளிலை போய்ப் போட்டிட்டு வந்து உச்சிப் பூசை செய்தனான்."

"விரதத்தோடையோ?"

"விரதம் வயித்துக்கு. தோளுக்கு ஆர் விரதம் வைச்சது?"

"காய்ச்சல் வந்திருந்தால்?"

"வந்தால் குளிசையைப் போட்டு ஒரு வாய் கஞ்சி குடிச்சிருப்பன். முருகன் என்ன, வட்டிக்காரனோ, கழுத்திலை துண்டு போட்டுக் கேக்க?"

"எனக்கு ஒருத்தரும் உதைச் சொல்லேல்லையே ஐயா."

"நீங்கள் ஆரைக் கேட்டனீங்கள், டொக்டர்?"

அந்தக் கேள்வியை அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுபது வருடங்களுக்கு மேல் இந்த மனிதர்களோடு வாழ்கிறேன். அவர்களுடைய சமயத்தை மதிக்கிறவன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். ஆனால் அவர்களில் ஒருவரையும் ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. கேட்டால் மனம் நோகும் என்று நானே தீர்மானித்து, நானே தள்ளி வைத்து, நானே பெருமைப்பட்டிருக்கிறேன். அதை மரியாதை என்று சொல்ல இனி என் வாய் வராது.

சிறைக்கு வந்து காவலர்களிடம் இதைச் சொல்வீர்களா என்று ஐயரிடம் கேட்டேன். "வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், எனக்குச் சனம்" என்றார்.

பிறகு நான் சுகாதார வைத்திய அதிகாரியிடம் போனேன். என் மகளைவிட இளையவள். நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை பேனையை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"சேர், இவ்வளவு பேருக்கும் ஒரே ஒவ்வாமையெண்டு வரேக்கை எங்களுக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் கையெழுத்து உங்கடை. அதாலை நாங்கள் கேள்வி கேக்கேல்லை."

எனக்கு விழுந்த அடிகளில் அதுதான் பெரியது. அவள் அதை மரியாதையாகவே சொன்னாள். மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றாள், அறிவியுங்கள் என்றேன். சிறைப் பெரியவர் சம்மதித்தால் ஊசிக்காரரைச் சிறைக்கே அனுப்புகிறேன் என்றாள். பின்னால் விசாரணை நடந்தது. என்னை எழுத்தில் கண்டித்தார்கள். அதற்கு முன்னமே நான் முத்திரையை அவளிடம் ஒப்படைத்து, இனி எவருக்கும் எந்தச் சான்றிதழும் எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டேன். வீட்டு வாசலில் இருந்த பெயர்ப்பலகையையும் கழற்றினேன்.

சிறைக்குப் பெரியவரான அத்தியட்சகர் தெற்கைச் சேர்ந்த சிங்களவர். தமிழை வகுப்பில் படித்து, நிதானமாகக் கதைப்பவர். நான் போய் ஒத்துக்கொண்டதும் என் துண்டுகளை எல்லாம் மேசையில் பரப்பினார்.

"இவை எல்லாம் பொய்?"

"ஒன்றைத் தவிர."

"எது அந்த ஒன்று?"

தேடி எடுத்துக் கொடுத்தேன். அதையும் மற்றவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "டொக்டர், எல்லாவற்றிலும் ஒரே வசனம். பொய் எழுதியதாக நீங்களே சொல்கிறீர்கள். இது உண்மை என்றும் நீங்கள்தான் சொல்கிறீர்கள். நான் எதை நம்ப வேண்டும்?"

அவர் கேட்டது நியாயம். அந்த மெலிந்த இளம் காவலன் வெளியே நின்றுகொண்டிருந்தான். நான் பொய்யன் என்று ஒத்துக்கொண்டதால் அவனும் பொய்யனாகிவிட்டான். கட்டாயப்படுத்தி அவனுக்கு ஊசி போட்டுவிட்டால் அவன் உயிர் போகலாம். என் வார்த்தையை நம்ப வேண்டாம், ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்த நிபுணரைக் கேளுங்கள் என்றேன். சுகாதார வைத்திய அதிகாரி நேரே அங்கே கதைத்து அத்தியட்சகருக்கு உறுதி சொன்னாள். அவனைப் பார்வைக் கூடத்திலிருந்து எடுத்துக் காவல் கோபுரத்துக்கு மாற்றினார்கள். சனத்தோடு முட்டாத இடம், அவனுக்கும் பாதுகாப்பு. நான் எழுதிய ஒரே உண்மையை நிரூபிக்க இன்னொருவருடைய வார்த்தை தேவைப்பட்டது.

அத்தியட்சகர் குறித்த நாள் காலை, சிறை முற்றத்தில் காவலர்கள் வரிசையாக நின்றார்கள். வேப்பமரத்தின் கீழே மேசை போட்டு, தாதிமார் இரண்டு பேர் ஊசிப் பெட்டியோடு இருந்தார்கள். நானும் ஐயரும் ஒரு ஓட்டோவில் வந்து இறங்கினோம். திருநீறும் சிலுவையும் ஒரே ஓட்டோவில் வருகிறது என்று யாரோ சொல்லிச் சிரித்தார்கள். நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் உங்களுக்கு ஒவ்வாமை எண்டு எழுதினது பொய்" என்றேன். "உங்களிலை ஒரு ஆளுக்குத்தான் அது உண்மை, அவர் கோபுரத்திலை நிக்கிறார். அவருக்குப் போட ஏலாது. அதாலை போடக்கூடிய நீங்கள் எல்லாரும் போட்டால்தான் அவருக்கும் காவல். மற்றது, இந்த வாசலுக்கு வெளியிலை தாய்மார் நிக்கினம். ஒருத்தி பொங்கலுக்கு முதல் தன்ரை பிள்ளையைப் பாக்கோணும். நீங்கள் அந்தக் கதவைப் பூட்டேல்லை. நான்தான் பூட்டினது. திறக்கிறதுக்கு உங்களைக் கேக்க வந்திருக்கிறன்."

பின்வரிசையிலிருந்து அந்தப் பருத்த காவலனின் குரல் வந்தது. "அப்ப எங்கடை விரதம்?"

நான் வாய் திறக்க முன்னம் ஐயர் முன்னால் வந்தார். "ஆர் அது, நீயோ? உன்னைச் சட்டிக்கு ஒருநாளும் நான் கோயிலுக்குள்ளை காணேல்லை. கடைசியாக் கண்டது சூரன்போரண்டு, கச்சான் கடையிலை கடலை கொறிச்சுக்கொண்டு."

வரிசை குலைந்து சிரித்தது. அத்தியட்சகரும் சிரித்தார், அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஐயர் சால்வையை விலக்கித் தோளைக் காட்டி, தான் எந்த நாளில் போட்டார் என்பதைச் சொன்னார். ஒரு வசனத்துக்கு மேல் சொல்லவில்லை.

முதலில் வெளியே வந்தவன், முதன்முதலில் என்னிடம் வந்தவன். உண்மையாகவே தண்ணியோடு ஆறு நாளும் பிடித்தவன். சட்டைக் கையை மடித்துக்கொண்டே என் முன்னால் நின்றான்.

"நான் உங்களிட்டைக் கேட்டது ஒரு கிழமை, டொக்டர்."

"ஓம் தம்பி."

"துண்டைக் குடுத்தாப் பிறகு பெரியவரோ ஊசிக்காரரோ ஒருத்தரும் என்னைக் கூப்பிடேல்லை. நானும் போய்க் கேக்கேல்லை. என்ரை பிழையும் இருக்கு" என்றுவிட்டுக் கதிரையில் இருந்தான். அவனுக்குப் பின்னால் அடுத்தவன் வந்தான். பிறகு ஆள்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள். துண்டு வாங்காமல் சும்மா ஊசியைத் தவிர்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் வந்து நின்றார்கள். தாதிமார் தேநீர் குடிக்கவும் எழும்பவில்லை.

பருத்த காவலன் கடைசியாக வந்தான். வந்து என் காதுக்குக் கிட்டக் குனிந்தான். "டொக்டர், ஒருத்தருக்கும் சொல்லாதேயுங்கோ. எனக்கு ஊசியெண்டால் பயம். முதல் ரண்டுக்கும் மயங்கி விழுந்தனான். விரதமெண்டு சொன்னது அதுக்குத்தான்."

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"யூனிபோமோடை வந்து ஊசிக்குப் பயமெண்டு சொல்லலாமோ?"

கதிரையில் இருத்தி, கண்ணை மூடச் சொல்லி, கையைக் கொடுத்தேன். என் விரல் எலும்பு நோகப் பிடித்தான். ஊசி ஏறியபோது முற்றம் அதிர "அரோகரா!" என்று கத்தினான். மயங்கவில்லை. கண்ணைத் திறந்து, "முடிஞ்சுதோ?" என்றான். "இண்டைக்குத்தான் இவன் உண்மையாக் கும்பிட்டவன்" என்றார் ஐயர். கோபுரத்தின் மேலே நின்ற இளைஞன் இரண்டு கையாலும் தட்டுவது கீழே இருந்த எங்களுக்குத் தெரிந்தது. கீழே நின்றவர்களும் தட்டினார்கள். என் வாழ்க்கையில் பரிசளிப்பு மேடைகளில் எனக்கும் தட்டியிருக்கிறார்கள். அவை ஒன்றும் இதற்குக் கிட்ட வராது.

ஊசி உடம்பில் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். இதற்கிடையில் வெங்காயக்காரியின் மகனைத் தெற்குக்கு ஏற்றும் நாள் பொங்கலுக்கு அடுத்த கிழமை என்று முடிவாயிற்று. அத்தியட்சகர் பொங்கலுக்கு முதல் நாள் கதவு திறப்பதாக அறிவித்தார். நான் சந்தைக்குப் போய் அவளிடம் சொன்னேன்.

"நீங்களும் வாங்கோ" என்றாள்.

"நான் எதுக்குப் பிள்ளை?"

"கதவு திறக்காட்டில் ஏசுறதுக்கு ஆள் வேண்டாமோ?"

அன்று விடியக் காலமே வாசலில் சனம் வந்துவிட்டது. தாய்மார், மனைவிமார், ஒரு சில தகப்பன்மார், ஊசி அட்டையைக் கையில் பிடித்தபடி. அவள் ஊதாப் பூப் போட்ட சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தாள். சந்தையில் அவளை அப்படி நான் கண்டதில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள். சொன்ன நேரம் வந்தது. கதவு திறக்கவில்லை. சனம் முணுமுணுத்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசாமல் பார்த்தாள், அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு உள்ளே தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. வாசலில் நின்றவன் அந்த முதல் காவலன்தான். அவன் வரிசையைப் பார்த்து, "அம்மா, நீங்கள் வாங்கோ" என்று அவளைக் கூப்பிட்டான். பிறகு என்னையும் கண்டு, கூடத்து வாசல்வரை வந்து நிற்கும்படி தலையை அசைத்தான்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய மகன் நின்றான். உயரமான பையன், முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அவள் வலைக்கு முன்னால் போய் நின்று அவனை மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள்.

"உன்ரை தலைமயிரை ஆரடா உப்பிடி வெட்டினது?"

அவன் சிரித்தான். சிரிப்பு அழுகையாக மாறி, திரும்பச் சிரிப்பாக மாறியது. "ஏனம்மா, வடிவில்லையோ?"

"வடிவோ? எலி கடிச்ச மாதிரிக் கிடக்கு. உதை ஒருக்கால் கழட்டு, முகத்தைப் பாப்பம்."

விதிப்படி கழற்றக்கூடாது. அவன் காவலனைப் பார்த்தான். காவலன் இரண்டு அடி பின்வாங்கச் சொன்னான். மகன் பின்னால் போய், சுவரோடு சாய்ந்து நின்று, கவசத்தை ஒரு கணம் கீழே இழுத்தான். அவள் கையிரண்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அதற்குப் பிறகு அவர்கள் கதைத்ததை நான் கேட்கவில்லை. தள்ளிப் போய் நின்றேன். நேரம் முடிந்த பிறகும் காவலன் அவளைக் கூப்பிடவில்லை. சுவரைப் பார்த்தபடி தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான்.

அவள் வெளியே வந்தபோது வரிசையில் நின்ற எல்லாரும் அவளையே பார்த்தார்கள். உள்ளே என்ன நிலை என்று அறிய எல்லாருக்கும் தவிப்பு. அவள் வாசற்படியில் நின்று, சந்தையில் கூவுகிற அதே குரலில் சொன்னாள்.

"கண்டிட்டன்! மெலிஞ்சுதான் போனான், ஆனால் நல்லா நிக்கிறான். போங்கோ, போய்ப் பாருங்கோ, எல்லாரையும் விடுறாங்கள்!"

வரிசையில் யாரோ அழுதார்கள், யாரோ சிரித்தார்கள். அவள் என்னிடம் வந்தாள்.

"உங்களுக்கு நான் நன்றி சொல்லமாட்டன், டொக்டர்."

"சொல்லாதே பிள்ளை."

"நீங்கள் பூட்டினதை நீங்களே திறந்தியள், அவ்வளவுதான்."

"ஓம்."

"ஆனால் திறந்தியள்" என்றாள். சொல்லிவிட்டு வீதிக்குப் போய், நான் கூப்பிட்டிருந்த ஓட்டோவை மறந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள்.

நான் அங்கேயே நின்றேன். எனக்கு வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. காவலன் அட்டைகளைப் பார்த்துப் பார்த்து ஆள்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். தாய்மார் போனார்கள், வந்தார்கள். என் வயதுள்ள ஒரு மனிதர் ஊன்றுகோலோடு படியேறச் சிரமப்பட்டபோது, பருத்த காவலன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அன்று பின்னேரம் வரை அந்தக் கதவு பூட்டப்படவில்லை.